வடதுருவச் சேறும் வலம்புரிச் சங்கும்

பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய நுண்ணோக்கி இருக்கிறது. கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர் ஓடுகளை (நுண்புதைபடிவம்) வைத்து ஆர்க்டிக் கடலின் பழைய குளிரையும் சேற்றின் வயதையும் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் தாமிரபரணிக் கழிமுகமான புன்னைக்காயலின் சேற்றைத்தான் கொடுப்பேன். ஆர்க்டிக் சேற்றைக் கைதவறிக் கொட்டினால் இன்னொரு கப்பலல்லவா போக வேண்டும்!

சேற்றை இடிக்காதீர்கள். ஓர் இரவு நீரில் ஊறவிட்டு, 63 மைக்ரான் சல்லடையில் அலசுங்கள். முடித்ததும் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். கண்ணியில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் அது தலைகாட்டினால் வந்தேறி என்று ஒதுக்கலாம். இதற்குச் சோம்பல்பட்டு, தாமிரபரணிக் கழிமுக ஓடு ஒன்றை வடதுருவக் கணக்கில் சேர்த்து, மூன்று நாள் வெப்பக் கடலைக் கற்பனை செய்துகொண்டிருந்தவன் நான்.

காய்ந்த வண்டலைக் கறுப்புத் தட்டில் தூவி, ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒற்றி எடுங்கள். நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்னும் ஃபோராமினிஃபெரா (ஓடு கட்டும் ஒற்றைச்செல் கடலுயிர்) மிகுந்திருந்தால் கடுங்குளிர் நீர். அதன் ஓடு இடப்பக்கம் சுழலும் இடஞ்சுழி. அதன் வலஞ்சுழி உறவான இன்கம்ப்டா பெருகினால் சற்று வெதுவெதுப்பான நீர் வந்துபோயிருக்கிறது. ஓரிரண்டைக் கண்டு துள்ள வேண்டாம். பாக்கிடெர்மாவிலும் சில வலஞ்சுழியாக அமையும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பூசையில் வைக்கும் அரிய வலம்புரிச் சங்கை விலங்கியல் இடஞ்சுழி என்கிறது. நாம் சங்கின் கூர்வாலை மேலே பிடிக்கிறோம். அவர்கள் சுருள்முனையை மேலே வைக்கிறார்கள். நுண்ணோக்கியிலும் சுருள்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து. வாய் இடப்பக்கம் விழுந்தால் இடஞ்சுழி.

இந்த ஃபோராமினிஃபெரா ஓடுகள் குளிரைச் சொல்லும். வயதுக்கு வேறு சாட்சி வேண்டும். எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசியின் சுண்ணத் தகடு சல்லடையில் நிற்காது. சேற்றைக் கண்ணாடியில் மெல்லத் தடவி, 1000 மடங்கு பெருக்கிப் பாருங்கள். இருந்தால் அந்தப் படிவு ஏறத்தாழ 2,90,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது. இல்லாவிட்டால் ஒன்றும் பொருளில்லை; ஆர்க்டிக்கில் சுண்ணம் கரைந்துபோவது வழக்கம்.

அப்போது கைகொடுப்பவை டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச்செல் மிதவையுயிர்களின் கரையாத கூடுகள். அவற்றைப் பிரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். திண்ணையில் தொடவே கூடாது, ஆய்வகத்தில் விடுங்கள். 2004இல் ஆர்க்டிக் கடலடியில் உள்ள லோமனோசோவ் முகட்டில் துளையிட்டபோது, அபெக்டோடினியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் கூடுகள் சுமார் 5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய வெப்பக் காலத்தைக் காட்டின. அதற்கு மேலே, 4.9 கோடி ஆண்டு அளவில், அசோலா. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் வயலில் உரமாக விடும் அதே பேரினம்! நன்னீர்ப் பெரணி கடல் நடுவே கிடந்தால், மேல்நீர் உப்புக் குறைந்து கிடந்திருக்கிறது.

ஒரே படிவில் இரு காலத்துப் புதைபடிவங்கள் கலந்திருந்தால் இளையதைக் கொண்டு வயது சொல்லுங்கள். தேய்ந்து கறுத்த முதியது, பனிக்கட்டியில் ஏறி எங்கிருந்தோ வந்திருக்கும்.