பிரபு வீட்டு இளைய மகன் பட்டாளத்தில் என்ன ஆனான்? தேடிப் பார்க்கும் வழி

பழைய பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களில் பட்டமும் நிலமும் மூத்தவனுக்குப் போய்விடும், இளையவனுக்குப் பட்டாளமோ பாதிரி வேலையோ வக்கீல் தொழிலோதான். பட்டாளத்துக்குப் போனவனைத் தேடுவது சுலபம், அவன் ஏறிய ஒவ்வொரு படியும் அச்சில் கிடக்கிறது. ஆனால் பதவிகளை மட்டும் வரிசையாக எழுதிவைத்தால் ஒன்றும் புரியாது, அந்தக் காலத்தில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். தேதிகளுக்கு நடுவே எத்தனை மாதம், பணம் யார் கொடுத்தது, இந்த இரண்டையும் பாருங்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிரபுக்களில் மேல் இரண்டு படியான டியூக், மார்க்விஸ் வீட்டு இளைய மகன் பெயருக்கு முன்னால் 'லார்ட்' வரும், அதற்கு அடுத்த படியான ஏர்ல் வீட்டு இளைய மகனுக்கு 'ஹானரபிள்' மட்டும்தான். பெயரே மாறுவதும் உண்டு. வாட்டர்லூவில் வலது கையை இழந்த லார்ட் ஃபிட்ஸ்ராய் சாமர்செட்தான் 1852க்குப் பிறகு ராக்லன் பிரபு. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டனின் ஆரம்ப காலத்தைத் தேடுகிறவர்கள் 'வெலஸ்லி' என்று தேடி ஏமாந்துபோவார்கள், அப்போது குடும்பப் பெயரை 'வெஸ்லி' என்றுதான் எழுதினார்கள்.

அப்புறம் ஆர்மி லிஸ்ட், அதாவது பட்டாள அதிகாரிகளின் அச்சுப் பட்டியல். 1754 முதல் ஆண்டுதோறும் வந்தது. ஒவ்வொரு ஆண்டாகப் புரட்டி ரெஜிமென்ட், பதவி, தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே தேதியை ஒட்டி அரசு அறிவிப்பு இதழான லண்டன் கெஸட்டைப் பாருங்கள். அங்கே 'பை பர்ச்சேஸ்' என்று இருந்தால் காசு கொடுத்து வாங்கிய பதவி. 'வைஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது யாருடைய இடத்துக்கு இவன் வந்தான் என்பது. அந்த ஆள் போரில் இறந்தவர் என்றால் பதவி பெரும்பாலும் காசில்லாமல், சீனியாரிட்டிப்படி அடுத்தவனுக்குப் போகும், இறந்தவர் குடும்பம் போட்ட பணமும் போச்சு.

விலையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் கனம் புரியும். 1821 விலைப்பட்டியலில் சாதாரண காலாட்படையில் அதிகாரிகளின் முதல் படியான என்சைன் 450 பவுண்டு, கேப்டன் 1,800, லெப்டினன்ட் கர்னல் 4,500. அரசரின் காவல்படையான கார்ட்ஸ் ரெஜிமென்டில் கேப்டன் பதவிக்கே 4,800. என்ன அநியாயம் என்று தோன்றும், ஆனால் கார்ட்ஸ் கேப்டனுக்குப் பட்டாளத்தில் லெப்டினன்ட் கர்னல் அந்தஸ்து, அதனால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பதவியில் இருப்பதாகப் பட்டியல் சொன்னால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். பீரங்கிப்படையிலும் பொறியாளர் பிரிவிலும் இந்த விற்பனையே இல்லை, அங்கே சேர்ந்த இளையவன் கிழவனாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பின்னாளில் வெலிங்டன் ஆன ஆர்தர் வெஸ்லி 1787 மார்ச்சில் 73வது ரெஜிமென்டில் என்சைன். அதே டிசம்பரில் 76வதில் லெப்டினன்ட், பிறகு 41வது, பிறகு குதிரைப்படை, 1791ல் 58வதில் கேப்டன், மறு ஆண்டு மறுபடி குதிரைப்படை, 1793 ஏப்ரலில் 33வதில் மேஜர், செப்டம்பரில் லெப்டினன்ட் கர்னல். இத்தனை ரெஜிமென்ட் மாறியவன் ஊர் ஊராகச் சண்டை போட்டிருப்பான் என்று நினைப்போம். இல்லை, அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் டப்ளினில் வைஸ்ராயின் ஏ.டி.சி.யாக, அதாவது உதவி அதிகாரியாக, இருந்தான். எங்கே இடம் காலியோ அங்கே தாவினான், மேஜர் பதவிக்கான பணம் அண்ணன் ரிச்சர்டு கொடுத்த கடன். முதல் சண்டையைப் பார்த்தது 1794ல், அதற்குள் ஒரு ரெஜிமென்டே அவன் கையில் இருந்தது.

பட்டியலில் 'ஹாஃப் பே' என்று வந்தால் ஆள் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறான், அரைச் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான். 1871 நவம்பரில் பதவி விற்பனை ஒழிந்தது, அதற்குப் பிந்தையவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

கடைசியாக, முடிந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 31 (வார் ஆஃபீஸ், அதாவது போர் அலுவலக ஆவணங்கள்) வரிசையைக் கேட்டு வாங்குங்கள், 1793 முதல் 1870 வரை உள்ள பதவி விண்ணப்பங்கள் அதில்தான். விண்ணப்பத்தோடு சிபாரிசுக் கடிதமும் சேர்ந்திருந்தால், யாருடைய கையெழுத்து என்று முதலில் பாருங்கள்.