ஆர்.என்.ஏ. வெப்பமானியை ஜி.எஃப்.பி. கொண்டு சோதிப்பது எப்படி

ஆர்.என்.ஏ. வெப்பமானி என்பது சூட்டுக்கு ஏற்ப மடிந்தும் அவிழ்ந்தும் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் எம்.ஆர்.என்.ஏ. பகுதி. அதை ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) மரபணுவின் முன்னால் வைத்தால், ஒளியை அளந்து சோதிக்கலாம். சால்மோனெல்லா பாக்டீரியாவின் ஏ.ஜி.எஸ்.ஏ. மரபணுவை எடுத்துக்கொள்வோம். அதன் எம்.ஆர்.என்.ஏ.வில் வரிசையாக வரும் நான்கு யு எழுத்துகள், புரதம் செய்யும் ரைபோசோம் வந்து அமரும் ஷைன்-டல்கார்னோ பகுதியின் ஏஜிஜிஏ-வோடு ஜோடி சேர்ந்து அதை மூடிவிடும். ஜோடிகளில் இரண்டு பலவீனமான ஜி-யு. சூடு ஏறினால் அவிழும்.

மூன்று பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் செலுத்தும் வட்ட டி.என்.ஏ.) தேவை: இயல்பு வரிசை, சூட்டிலும் அவிழாதபடி பூட்டிய வரிசை, ஒப்பிடுவதற்கு மடிப்பே இல்லாத கட்டுப்பாடு. பூட்டுவதற்கு, ஜி-க்கு எதிரே உள்ள யு-வை சி ஆக்குங்கள். ஷைன்-டல்கார்னோ பக்கம் கைவைக்கவே கூடாது. அதை மாற்றினால் ஒளி குறைந்தது மடிப்பாலா, ரைபோசோம் பிடிக்காததாலா என்று பிரிக்க முடியாது. இயல்பு ஜி.எஃப்.பி. சூட்டில் சரியாக மடியாது, சூப்பர்ஃபோல்டர் வகையே நல்லது. பியுசி வகைப் பிளாஸ்மிட் வேண்டாம்: சூட்டில் அதன் எண்ணிக்கையே கூடும். பி15ஏ வகை போதும்.

ஈ.கோலையை 30 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, புதிய எல்.பி. வளர்ப்பு ஊடகத்தில் நூறில் ஒரு பங்காக நீர்த்து, ஓ.டி. (செல்களின் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.4 வந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று 30-இல் தொடரட்டும். மற்றதை முன்பே 42 டிகிரிக்குச் சூடாக்கிய குடுவையில் ஊற்றுங்கள். குளிர்ந்த குடுவையில் ஊற்றினால் முதல் சில நிமிடங்கள் வீண். 30 நிமிடம் கழித்து இரண்டையும் பனிக்கட்டியில் வைத்து, பி.பி.எஸ். உப்புக் கரைசலில் கழுவி அளக்கவும். எல்.பி. தானாகவே ஒளிரும் என்பதால் கழுவுவதைத் தவிர்க்கக் கூடாது.

ஜி.எஃப்.பி. இல்லாத செல்களின் ஒளியைக் கழித்து ஓ.டி.யால் வகுங்கள். பிறகு 42-க்கும் 30-க்குமான விகிதத்தைக் கட்டுப்பாட்டின் விகிதத்தால் வகுங்கள். இந்த இரண்டாம் வகுத்தல்தான் உயிர்நாடி. சூடு ப்ரோமோட்டரையும் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) வளர்ச்சியையும் சேர்த்தே மாற்றுகிறது. பூட்டிய வரிசை 42-இலும் மங்கலாக இருந்தால் மடிப்புதான் காரணம் என்று நம்பலாம்.

இயல்பு வரிசை 30-இலேயே பளிச்சென்று ஒளிர்கிறதா? குளோனிங்கில் ஒட்டிக்கொண்ட வெக்டர் (பிளாஸ்மிட்) எழுத்துகள் மடிப்பைக் கலைத்திருக்கலாம். முழு வரிசையையும் மடிப்பைக் கணிக்கும் ஆர்.என்.ஏ.ஃபோல்ட் மென்பொருளில் 30 டிகிரி வைத்து மடித்துப் பாருங்கள். தானாக விட்டால் அது 37-இல்தான் கணக்கிடும்.

சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றிச் சோதிப்பவர்களுக்கு ஒன்று: ஜி.எஃப்.பி. எளிதில் சிதையாது. மடிப்பு மறுபடி மூடிக்கொண்டாலும் பழைய ஒளி செல்கள் பிரிந்து பெருகும்போதுதான் நீர்த்துப்போகும்.