மழை விடும்வரை ஒரு சங்கேதக் குறுக்கெழுத்து: முதல் பாடம்

கோலாலம்பூரில் பனிக்காலம் கிடையாது. ஆளை உள்ளே உட்கார வைக்கும் வேலையை இங்கே செய்வது அக்டோபர், நவம்பர் மாலை மழை. நாலு மணிக்கு வானம் கறுத்து, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) இரண்டு மூன்று நண்பர்கள் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரமாவது மிஞ்சும். குறிப்பிலேயே விடையை ஒளித்து வைக்கும் சங்கேதக் குறுக்கெழுத்துக்கு அது போதும். புதிதாகத் தொடங்குபவர் கூட்டாகப் போடுவதே நல்லது. ஒருவர் கதையாகப் படிக்கும் குறிப்பை இன்னொருவர் எழுத்தாகப் பார்த்துவிடுவார்.

2பி பென்சில், ரப்பர், கிறுக்க ஒரு தாள் இருந்தால் போதும். பேனா வேண்டாம். சாரல் அடிக்கும் மேசையும் வேண்டாம், ஈரத்தாளில் ரப்பர் பட்டால் கட்டமே கிழிந்துவிடும்.

படி 1: எழுத்தை எண்ணுங்கள்

அடைப்புக்குள் இருக்கும் எண், விடையின் எழுத்து எண்ணிக்கை. உயிர்மெய் எந்த வடிவில் இருந்தாலும் ஒரு கட்டம்தான். ‘கொ’ எழுத மூன்று துண்டு தேவைப்பட்டாலும் அதற்குக் கட்டம் ஒன்றே. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. பத்துமலை என்றால் ப, த், து, ம, லை: ஐந்து. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்தப் புள்ளி எழுத்தில்தான்.

படி 2: குறிப்பை வெட்டுங்கள்

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வோர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் இருந்தவை நேரான குறிப்புகள். சங்கேதக் குறிப்பு அப்படி இல்லை, அதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் வராது. ஆகவே முழு வாக்கியத்தையும் நம்பாதீர்கள். முதல் ஒன்றிரண்டு சொல்லைப் பிரித்துப் பாருங்கள், பிறகு கடைசி ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள்.

படி 3: ஏவல் சொல்லைப் பிடியுங்கள்

குழம்பிய நகரம் பாவிகள் போகுமிடம் (4)

மாலை ஆறு மணிக்கு நெரிசலான ஜாலான் துன் ரசாக் சாலையில் நிற்பவருக்கு இதில் சூது இருப்பதே தெரியாது. ‘குழம்பிய’ என்பது ஏவல்: பக்கத்துச் சொல்லின் எழுத்துகளைக் கலை என்கிறது. நகரம் நான்கு எழுத்து, விடையும் நான்கு. அந்தப் பொருத்தம்தான் துப்பு. எழுத்துகளை வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். வரிசையாக எழுதினால் கண் பழைய சொல்லிலேயே நிற்கும். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, ‘ம்’ கடைசிக்குப் போகட்டும். மீதி ந, க, ர. மூன்றை ஆறு விதமாக அடுக்கலாம். அதில் ஒன்று நகரமே. ‘ர’வில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் இன்னும் இரண்டு போகும். மிஞ்சிய மூன்றில் பொருளுள்ளது நரகம்.

அழகு டைரிக்குள் ஒளிந்தது மழையில் விரியும் (2)

இதுதான் மிக எளிய வகை. விடை கண்ணெதிரே கிடக்கும்: அழ‘கு டை’ரி. பொருளோடு படிப்பவருக்கு மட்டும் அது தெரியாது.

வியாபாரம் நடக்குமிடம், முடிவில்லாத கடைசி (2)

‘முடிவில்லாத’ என்பது ஏவல்: ‘கடைசி’ என்ற சொல்லின் இறுதி எழுத்தை எடுத்தால் கடை. ‘தலைபோன’ என்று வந்தால் முதல் எழுத்து போகும். காற்புள்ளியைக் கண்டுகொள்ளாதீர்கள், அது ஏமாற்றத்தான்.

கோம்பாக் அரை டஜனா? (2)

எதையும் கலைக்கவோ வெட்டவோ வேண்டாம், இரண்டு பக்கமும் நேர்ப்பொருளே: ஆறு. கேள்விக்குறி வந்தால், சொன்னது ஓர் உதாரணம் மட்டுமே என்று அர்த்தம். கோம்பாக் ஆறுகளில் ஒன்று, அவ்வளவுதான்.

ஒன்பதுக்கு அடுத்தது குன்று, 272 படி ஏறுமிடம் (5)

பத்து, மலை, பத்துமலை. மலாயில் பத்து என்றால் கல், எண்ணோடு அதற்குச் சம்பந்தமில்லை. குறுக்கெழுத்துக்குச் சொற்பிறப்பு பற்றிக் கவலையில்லை, எழுத்து பொருந்தினால் சரி.

படி 4: தமிழ் எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

தமிழ்ப் புதிர்களின் ருசியே இங்கேதான். ஒன்று க, இரண்டு உ, ஐந்து ரு, ஏழு எ, எட்டு அ, பத்து ய, கால் வ. ‘எட்டேகால் லட்சணமே’ என்ற பழைய வசை நினைவிருக்கும். எட்டும் காலும் சேர்ந்தால் ‘அவ’, மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

தளையில் கால் மாட்டி மழையில் கத்துவது (3)

கைதியின் விலங்கு கண்ணில் தெரிந்தால் விடை வராது. கால் என்பது ‘வ’. ‘தளை’ என்ற சொல்லுக்குள் அதை மாட்டினால் த, வ, ளை: தவளை. ‘தளையில்’ என்பதிலுள்ள ‘இல்’லைக் கழற்ற மறந்தால் எழுத்து கூடிப்போகும். வேற்றுமை உருபையும், சொற்களுக்கு நடுவே மிகும் க், ச், த், ப்பையும் உரித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஒளிந்த வகைக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே அச்சில் உள்ளபடியே எடுக்க வேண்டும்.

படி 5: குறுக்கே விழும் எழுத்து

குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் கட்டம் பாதி வேலையை முடித்துத் தரும். நடுவில் ‘ங்’ விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் க, கா, கி வரிசை. ‘ந்’ வந்தால் த அல்லது ந வரிசை. க், ச், ட், த், ப், ற் தமிழ்ச்சொல்லின் கடைசியில் வராது. விடையின் முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து விழுந்தால் குறுக்கே போட்ட விடை தப்பு, தயங்காமல் அழியுங்கள். முதல் எழுத்து ட, ர, ல என்று அமைந்தால் அழிக்க வேண்டாம். ரம்புத்தான், லங்காவி மாதிரி வெளிச்சொல்லாக இருக்கலாம்.

ஒரு குறிப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். அடுத்ததற்குப் போய்விட்டு, தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) ஆறிய பிறகு திரும்பி வாருங்கள். தெரிந்துகொண்டவர் உடனே விடையைச் சொல்லக்கூடாது, ஏவல் சொல் எது என்று மட்டும் சொல்லலாம். மற்றவர் பழக அதுதான் வழி.

பயிற்சிக்கு மூன்று:

கலைக்குள் கால் வைத்தால் வருத்தம் (3)
தலைபோன வருத்தம் மீனவர் கையிலிருப்பது (2)
ஐந்தை விழுங்கிய கவி தச்சனுக்குத் தேவை (3)

முதலாவதன் விடை இரண்டாவதற்குச் சாவி.

விடைகள்: கவலை, வலை, கருவி.