மாடலர்ல கிட்டார் தகரம் மாதிரி கேக்குதா? இந்த வரிசையில பண்ணிப் பாருங்க

மாடலர்னா நெசமான கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் எல்லாத்தோட சத்தத்தையும் டிஜிட்டலா காப்பியடிக்கிற பெட்டி, இல்லன்னா சாஃப்ட்வேர். போன வருஷம் திருநகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல எங்க ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கப் போனேன். ரெண்டு வாரமா ராத்திரி ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு செஞ்ச பேட்ச் (மாடலர்ல சேத்து வைக்கிற செட்டிங்), கெயின் (கரகரப்ப கூட்டுற குமிழ்) எட்டுல, பேஸும் ட்ரெபிளும் மேல, மிட்ட (நடு சத்தத்த) மட்டும் குழி தோண்டி கீழ எறக்கி வச்சிருந்தேன், ஹெட்போன்ல கேட்டா அம்புட்டு கனமா இருக்கும். மொதப் பாட்டு முடிஞ்சதும் மைக் செட் அண்ணன் கீழ இருந்து கைய ஆட்டி, "தம்பி, நீ வாசிக்கிறியா இல்லையா, தகரத்துல ஆணிய வச்சு கீறுற சத்தம் மட்டுந்தேன் வருது"ன்னாரு. மேடையில நின்னுக்கிட்டு என்னத்த பண்றது, அன்னைக்கு ஃபுல்லா அதே கீறல்தேன்.

அதுக்கப்புறம் நான் பழகிக்கிட்ட வரிசை இது. ஜூம், பாஸ், நக்ஸ், ஹீலிக்ஸ்னு எத வச்சிருந்தாலும் சரி, லேப்டாப்ல ஓசியா கெடைக்கிற நியூரல் ஆம்ப் மாடலரா இருந்தாலும் சரி, வேல ஒன்னுதேன்.

ஸ்டெப் 1: சத்தம் எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க

நெசமான ஆம்ப்ல டிஸ்டார்ஷன் கெளப்புற கரகரப்ப எல்லாம் வடிகட்டுறது அதுல இருக்க ஸ்பீக்கர்தேன். கிட்டார் ஸ்பீக்கர் சுமாரா 5000 ஹெர்ட்ஸ தாண்டுனா பெருசா எதையும் வெளிய விடாது. மாடலர்ல அந்த வேலைய கேப் சிம் பாக்குது, ஐஆர்னு சொல்றதும் அதேதான், ஸ்பீக்கரும் அது முன்னாடி வச்ச மைக்கும் சேந்து எப்படி கேக்கும்னு புடிச்சு வச்ச ஒரு சின்ன ஃபைல்.

அதனால ஹெட்போன், மிக்சர், பெரிய பாக்ஸுன்னு போனா கேப் சிம் ஆன்ல இருக்கணும். கிட்டார் ஆம்புக்குள்ள சொருகுனா ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா ஸ்பீக்கருக்கு மேல இன்னொரு ஸ்பீக்கர வச்ச கணக்கா போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்கும். அந்த ஆம்ப்ல எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஓட்டை இருந்தா அதுல சொருகுங்க, முன்னாடி இருக்க இன்புட்ல போட்டா அதோட ப்ரீஆம்ப் (ஆம்ப்ல மொதல்ல சத்தத்துக்கு குணம் குடுக்குற பகுதி) வேற தனியா ஒரு கலர அடிச்சு விட்டுரும்.

ஸ்டெப் 2: கிட்டார்லயே கோளாறு இருக்கலாம்

நம்ம ஊரு வெயிலுக்கு வேர்வை பட்டு கம்பி துருப்புடிச்சுப் போயிருக்கும், அத மாத்தாம ஆம்ப் மாடல் மாத்திக்கிட்டே இருக்காய்ங்க. லேப்டாப்புல வாசிக்கிறவுங்க இன்டர்ஃபேஸ்ல (கிட்டார லேப்டாப்போட சேக்குற பெட்டி) இன்ஸ்ட்ருமென்ட் பட்டன அமுக்குங்க. கிட்டாருக்கு 1 மெகா ஓம் சுமாருக்கு இன்புட் வேணும், லைன் இன்புட்ல போட்டா மேல் சத்தத்த முழுங்கிரும். ஓங்கி அடிச்சாலும் செகப்பு லைட் எரியக்கூடாது, அம்புட்டுதான்.

ஸ்டெப் 3: எல்லாத்தையும் அணைச்சுட்டு ஆம்ப், கேப் ரெண்டு மட்டும்

ரெடிமேட் ப்ரீசெட்ட தொடாதீங்க, அதுல எட்டு எஃபெக்ட் மினுக்கிக்கிட்டு கெடக்கும். ஆம்ப் ஒன்னு, கேப் ஒன்னு, பேஸ் மிட் ட்ரெபிள் எல்லாம் நடுவுல. கெயின 'சே, பத்தல'ன்னு தோணுற வரைக்கும் கொறைங்க, அதுல இருந்து லேசா மட்டும் ஏத்துங்க. கெயின் கூடுனா சத்தம் கம்ப்ரஸ் ஆகி (சின்னதும் பெருசும் ஒரே அளவாகி), பிக்கு கம்பில விழுற அந்த 'டக்' செத்துப்போகும். ரெக்கார்டிங்ல கேக்குற கனம் நெறைய நேரம் ஒரே கிட்டார் கெடையாது, தனித்தனியா ரெண்டு தடவ வாசிச்சு எடதுல ஒன்னு வலதுல ஒன்னு வச்சிருப்பாங்க, கூட பேஸ் கிட்டார் வேற சேந்திருக்கும். அத ஒத்தக் கிட்டார்ல கெயின ஏத்திப் புடிக்கப் பாத்தா கெடைக்காது, நானும் அத துரத்தித்தேன் ரெண்டு வாரத்த வீணாக்குனேன்.

ஸ்டெப் 4: சத்தமா வச்சு செட் பண்ணுங்க

என்னோட பெரிய தப்பு இதுதான். மெதுவா வச்சா நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கம்மியாத்தான் கேக்கும், 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் இத அளந்து காட்டிட்டாங்க. அதனால ராத்திரி நாம ரெண்டையும் தூக்குறோம், மிட்ட எறக்குறோம், அப்புறம் மண்டபத்துல சத்தம் கூடுன உடனே பேஸ் கொழகொழன்னு ஆகி ட்ரெபிள் காத அறுத்து, மிட் இல்லாத கிட்டார் கீபோர்டுக்கு அடியில காணாமப் போயிரும். பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கத்திப் பேசுற அளவுக்கு ஸ்பீக்கர்ல வச்சு ஒரு அரைமணி நேரம் உக்காருங்க. வீட்ல திட்டுவாங்கன்னா சித்திரைத் திருவிழா சமயத்துல வச்சுக்கங்க, தெருவே அதிர்றப்ப உங்க கிட்டார யாரு கேக்கப்போறா.

ஸ்டெப் 5: ரெண்டு ஓரத்தையும் வெட்டுங்க

கேப் ப்ளாக்ல லோ கட், ஹை கட்னு ரெண்டு இருக்கும். லோ கட்ட 80ல இருந்து 100 ஹெர்ட்ஸ்குள்ள வைங்க, உங்க தடிச்ச கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதுக்குக் கீழ இருக்கதெல்லாம் பேஸ் கிட்டாருக்கும் ட்ரம்ஸுக்கும் சொந்தம்.

ஹை கட்டுக்கு ஒரு பவர் கார்ட அடிச்சு அப்படியே நிக்க விட்டு, எடது கை அங்கயே இருக்கட்டும், வலது கையால குமிழ மேல இருந்து மெதுவா எறக்கிக்கிட்டே வாங்க. 10000 வரைக்கும் ஒன்னும் தெரியாது. 8000 கிட்ட வரும்போது வடை சட்டியில எண்ணெ பொரியுற மாதிரி ஒரு 'சர்ர்' இருந்துச்சுல்ல, அது அடங்க ஆரம்பிக்கும். எனக்கு 6500 பக்கம் சுத்தமா நிக்கும். இன்னும் எறக்குனா பிக் சத்தமும் சேந்து போயிரும், அந்த எடத்துல இருந்து கொஞ்சம் மேல ஏத்தி விட்டுருங்க.

அப்புறம் மிட்ட ஒரு புள்ளி ஏத்துங்க. தனியா கேட்டா மூக்கால பாடுற மாதிரி அசிங்கமாத்தான் இருக்கும், பேண்டோட கேட்டா அதுதான் நீங்க.

ஸ்டெப் 6: இப்ப மத்தது

இன்னும் இறுக்கமா வேணும்னா ஆம்புக்கு முன்னாடி ஒரு டியூப் ஸ்க்ரீமர் (ஓவர்ட்ரைவ் பெடல்) வைங்க, ட்ரைவ் ஜீரோ, லெவல் மேல. ரிவெர்ப மண்டபத்துக்குன்னு பாதியாக் கொறைங்க, அந்த க்ரானைட் தரையும் வெறுஞ்செவுரும் தானே எதிரொலிச்சுக் குடுக்கும். சீரியல் செட்டு லைட்டுக்கும் டிம்மருக்கும் நடுவுல நின்னா சிங்கிள் காயில் பிக்கப் இருக்க கிட்டார் இரையத்தான் செய்யும், நாய்ஸ் கேட்ட (வாசிக்காதப்ப இரைச்சல அடைக்கிற எஃபெக்ட்) ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் திரும்பி நின்னு பாருங்க, பாதி இரைச்சல் போயிரும். கேட்ட ரொம்ப ஏத்துனா நீட்டி விடுற நோட்டோட வால வெட்டிரும்.

எடத்துக்கு எடம் பேட்ச நோண்டாதீங்க, குளோபல் ஈக்யூ (எல்லா பேட்சுக்கும் சேத்து பேஸ் மிட் ட்ரெபிள் மாத்துறது) இருந்தா அதுல ரெண்டு டெசிபல் கூட்டிக் கொறைச்சா போதும்.

ஆவணில அதே மண்டபத்துல இன்னொரு கல்யாணம், அதே மைக் செட் அண்ணன். மொதப் பாட்டு முடிஞ்சதும் பயந்துக்கிட்டே கீழ பாத்தேன், ஆளக் காணோம், பந்திக்குப் போயிட்டாரு.