மலைநடை வழிகாட்டலும் ஒளிப்படமும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொழில் தொடங்குவோர்க்கு

பயணிகளை மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று படமெடுத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேமராவைத்தான் விசாரிக்கிறார்கள். எந்த இடத்துக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக்காடுகளில் பெரும்பகுதி, 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காடுகளுக்குள்ளோ அடங்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் சென்று படமெடுப்பதற்கும் அனுமதி பெற்றாக வேண்டும். தேனி மாவட்டத்தில் மலையேறச் சென்றவர்கள் பலியான 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளும் வந்துவிட்டன. வனத்துறையின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை காட்டுப் பயணத்துக்காக எவரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

அதுவரை காட்டுக்கு வெளியே தொழிலைத் தொடங்கலாம். இராயக்கோட்டைக் கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டை, மல்லசந்திரம் கல்திட்டைகள் (கற்பலகைகளால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்கள்) ஆகியவை நல்ல தொடக்கம். கல்திட்டைகளை உச்சிவெயிலில் காட்டினால் வெறும் பலகைக் கற்களாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போதுதான் கல்லின் சொரசொரப்பும் விளிம்பும் எழுந்து நிற்கும். இராயக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலியை விரிப்பதற்கு முன் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமானம் அதிகம் ஏறி இறங்குவது ஒகேனக்கல்லில். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கபினியிலிருந்தும் கிருஷ்ணராஜசாகரிலிருந்தும் உபரிநீர் திறக்கப்பட்டால், தருமபுரியில் ஒரு துளி மழை இல்லாதபோதும் காவிரி பெருகும். பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் உடனே தடை விதிக்கும். ஆகையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரி நீர்வரத்து எத்தனை கன அடி என்று நாள்தோறும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பரிசல் ஓட்டத் தடையில்லாத நாளிலும் அருவியை நெருங்கும்போது சாரல் லென்ஸை நனைக்கும். ஆகவே உலர்ந்த பருத்தித் துணிகள் சிலவற்றை உறையிட்டு வைத்திருங்கள். மிதவைச் சட்டைக்கு மேல் கழுத்தில் கேமரா வாரை மாட்டாமல் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். பரிசல்காரர் உட்காரச் சொன்னால் உட்காருவதே முறை. நல்ல படம் கிடைக்கிறதென்று எழுந்து நிற்கும் வாடிக்கையாளரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

யானை விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. மழைக்காலம் முடியும் தறுவாயில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கும்போது, ராகி வயல்களில் விவசாயிகள் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பார்கள். அந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து வந்த விருந்தினரோடு வயலோரம் காரை நிறுத்தி ஃபிளாஷ் அடித்தால், மிரண்ட யானை திரும்புவது அந்த விவசாயியின் பக்கமாகத்தான் இருக்கும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளூர் மக்களின் நம்பிக்கை போனால் அடுத்த முறை வழிகாட்ட உங்களுக்கு வழியே இருக்காது.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. இவற்றைவிட ஒப்பந்தத்தாள்தான் அதிகக் கவனம் கேட்கும். வெள்ளத்தாலோ வனத்துறைத் தடையாலோ பயணம் நின்றால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், மாற்றாக எந்த இடத்துக்கு அழைத்துச் செல்வீர்கள், எடுத்த படங்களை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்த வாடிக்கையாளர் சம்மதிக்கிறாரா என்ற மூன்றையும் தமிழிலும், பெங்களூர்க்காரர்களுக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, புறப்படுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.