லத்தீன் வினைச்சொற்கள்: எங்கே சறுக்குகிறோம்?

லத்தீன் அகராதியைப் புரட்டுபவர் முதலில் செய்யும் தவறு, அங்குள்ள தலைச்சொல்லுக்கு 'நேசித்தல்', 'பார்த்தல்' என்று பொருள் எழுதிக்கொள்வது. அகராதி தருவது தன்மை ஒருமை நிகழ்காலம். 'அமோ' என்றால் 'நான் நேசிக்கிறேன்'. ஐ.நா. செய்திகளில் அடிபடும் 'வீட்டோ'வும் அப்படித்தான். 'தடுக்கிறேன்' என்ற முழு வாக்கியம் அது.

அடுத்தது குறில் நெடில். ரோமானிய எழுத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே அச்சாகும். 'வெனித்' என்றால் வருகிறான். 'வேனித்' என்றால் வந்தான். தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படித்தால் இந்தக் குழப்பம் வராது. நமக்குக் கிடைத்த சலுகை, விடுவானேன்? 'உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் எஜுகேஷன்' என்று மேடையில் பேசுபவர்கள் வழுக்குவதும் இங்கேதான். வெளியே கொண்டுவருவது 'ஏடூகெரெ'. எஜுகேஷன் பிறந்ததோ 'ஏடுகாரெ'யில். பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது என்று பொருள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே சொல் அல்ல.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்புவது இன்னும் பெரிய பள்ளம். 'ஹபேரெ', ஆங்கில 'ஹேவ்' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள். ஆனால் சொல்லின் முதலில் லத்தீனில் 'க' நிற்குமிடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' வருவது விதி. எனவே ஹேவுக்கு உடன்பிறப்பு, 'பிடித்தல்' எனப் பொருள்படும் 'கபெரெ'. நம்மவர்களை இழுக்கும் பொறி 'தோ', அதாவது 'கொடுக்கிறேன்'. உடனே தமிழ் 'தா' நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்த் 'தா' திராவிட வேர். 'தோ'வின் சொந்தம் 'தானம்' என்ற சொல்லைத் தந்த சமஸ்கிருத வேர்.

நிகழ்கால வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர் 'ஃபெரோ'விடம் தோற்பார். 'சுமக்கிறேன்' என்பது ஃபெரோ. 'சுமந்தேன்' என்பது 'துலீ'. அதன் எச்ச வடிவம் 'லாத்தும்'. நம் 'போ' இறந்தகாலத்தில் ஒழுங்காகப் 'போனேன்' ஆகிறது. இங்கோ இரண்டு வேர்கள் ஒரே வினையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லாத்தும் முன்பு 'த்லாத்தும்'. தகரம் உதிர்ந்துவிட்டது, ஆக அதுவும் துலீயின் வீட்டுப்பிள்ளையே. ஃபெரோவின் வேர் சமஸ்கிருத வழியாக நம்மிடம் 'பாரம்' ஆகி வந்திருக்கிறது. துலீயின் வேர், தராசைக் குறிக்கும் 'துலா' ஆகி வந்திருக்கிறது. குருவாயூரில் துலாபாரம் கொடுக்கிறவர் அந்த இரண்டு வேரையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்.