ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போறீங்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீங்க

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ கொழும்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், வெள்ளவத்தையில் சாமான் வாங்குவது எல்லாம் முடித்துவிட்டு, மிச்சம் கிடக்கிற ஒரு மணித்தியாலத்தில் "அந்த பிளேன் மியூசியத்தையும் ஒருக்கா எட்டிப் பார்ப்போம்" என்று கிளம்புவதுதான் முதல் தவறு. அதற்கு அரை நாள் வேண்டும். அரை நாள் இல்லையென்றால் வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடி ஓடிப் பார்த்தால் எல்லாமே இறக்கை முளைத்த பழைய இரும்பாகத்தான் தெரியும்.

இரவு ரயிலில் போகிறவர்கள் விடியற்காலையில் கோட்டையில் இறங்கிய கையோடு பைகளையும் தூக்கக்கலக்கத்தில் இருக்கிற பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நேரே அங்கே போக வேண்டாம். குளித்துச் சாப்பிட்டு, பைகளை எங்காவது வைத்துவிட்டுப் போங்கள். கோட்டையிலிருந்து கரையோரப் பாதை ரயிலில் கல்கிசைக்கு அடுத்த ஸ்டேஷன் ரத்மலானை. பஸ் என்றால் காலி வீதியில் ஓடுகிற 100, 101 இரண்டும் சரி. த்ரீவீலர்காரரிடம் "எயார்போர்ட்" என்று மட்டும் சொன்னால் அவர் பயணிகள் பக்கத்து வாசலில் இறக்கிவிடக்கூடும், அதனால் விமானப்படை மியூசியம் என்று முழுதாகச் சொல்லுங்கள். திறக்கிற நாளையும் நேரத்தையும் முதல்நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள், போயா நாளென்றால் கட்டாயம் கேளுங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், நீங்கள் போவது முகாம் பக்கம்.

சரி, உள்ளே போயாச்சு. இனிமேல் ஆட்கள் செய்கிற பெரிய பிழை, நேரே மிக் என்ற சோவியத் போர் ஜெட்டிடம் ஓடி, நாலு செல்பி எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் நடந்துகொண்டே பார்ப்பது. ஜெட் என்றால் எல்லாருக்கும் ஒரு கவர்ச்சி, விளங்குது. ஆனால் இந்த நாட்டு விமானப்படை 1951-இல் தொடங்கியபோது அதனிடம் ஜெட் எதுவும் கிடையாது. சிப்மங்க் மாதிரிச் சின்னப் பயிற்சி விமானங்களில் தொடங்கிய கதை அது. போல்டன் போல் பலியோல் என்று ஒன்று நிற்கும், அதைப் பலர் திரும்பியே பார்ப்பதில்லை. பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற பயிற்சி விமானம்தான், ஆனால் அதன் மூக்குக்குள் இருப்பது ரோல்ஸ் ரோய்ஸ் மெர்லின் எஞ்சின், இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் என்ற போர் விமானங்களை இழுத்த அதே வம்சம். மூக்கு ஏன் அவ்வளவு நீளம் என்று பிள்ளை கேட்டால் பதில் அதுதான், பன்னிரண்டு சிலிண்டர் உள்ளே படுத்திருக்கு.

மிக்கைப் பார்ப்பதென்றாலும் பார்க்கத் தெரிந்து பாருங்கள். இறக்கையின் மேற்பரப்பில் முன்னிருந்து பின்னாகச் செங்குத்தாக எழும்பி நிற்கிற மெல்லிய தகட்டு வேலிகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்து இறக்கையில் மூன்று இருந்தால் மிக்-17, இரண்டென்றால் மிக்-15. பின்சாய்ந்த இறக்கையில் காற்று நுனிப்பக்கம் வழுகிப் போய்விடும், அப்படிப் போனால் மெதுவாகப் பறக்கும்போது நுனி தூக்குவிசையை இழக்கும், அதைத் தடுக்கத்தான் இந்த வேலி. பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்காமலே பத்து வயதுப் பிள்ளை இரண்டையும் பிரித்துச் சொல்லும்போது அதற்கு வருகிற சந்தோஷம் செல்பியில் வராது.

இந்த மிக் எல்லாம் எப்படி வந்தது என்று தெரியாமல் பார்ப்பதும் வீண். 1971 ஏப்ரலில் ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி வெடித்தபோது, ஓரங்கட்டி வைத்திருந்த ஜெட் புரொவோஸ்ட் என்ற பிரிட்டிஷ் பயிற்சி ஜெட்களைத் திரும்பப் பறக்கத் தயாராக்கினார்கள். அவை கிடந்த இடம் வேறெங்குமில்லை, நம்ம கிழக்கில், திருகோணமலை சீனன்குடாவில். அந்த நெருக்கடியில்தான் சோவியத் யூனியன் ஐந்து மிக்-17-ஐயும் பயிற்சிக்கு ஒரு மிக்-15-ஐயும் இரண்டு கமோவ் ஹெலியையும் அனுப்பியது. ஆக அந்தப் புரொவோஸ்டையும் மிக்கையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்க்க வேண்டும், தனித்தனியாகப் பார்த்தால் கதை அறுந்துபோகும்.

தொடக்கூடாது என்று போட்டிருக்கிற இடத்தில் தொடாதீர்கள். இதை எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். சிப்மங்கின் இறக்கையில் பெரும்பகுதி துணிதான், தகரமென்று நினைத்துப் பிள்ளை கையை ஊன்றினால் உள்ளே போகும். இறக்கையிலோ மூக்கிலோ நீட்டிக்கொண்டிருக்கிற ஊசிக்குழாய் காற்றழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கிற கருவி, ஒருத்தர் பையைக் கொழுவினால் வளைந்துவிடும். கை வியர்வையின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். அதுவும் கடற்கரைக் காற்றிலேயே பாதி அரிபட்டு வருகிற விமானங்கள் அவை.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் பாரமான விஷயம். நம்ம பக்கத்தில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த விமானங்களில் சில முன்பே பழக்கம், ஆனால் போர்க்காலத்தில் கீழேயிருந்து பார்த்த பழக்கம். கெலிச் சத்தம், பொம்மர் சத்தம், சியாமாசெட்டி (சியாய் மார்க்கெட்டி என்ற சின்ன விமானத்துக்குச் சனம் வைத்த பேர்) எந்தப் பக்கம் சரியுது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே பதுங்குகுழிக்கு ஓடினவர்கள் அவர்கள். அங்கே நிற்கிற புக்காரா என்ற தரைத்தாக்குதல் விமானம் 1993-இல் ஆர்ஜென்டினாவிலிருந்து வாங்கிய நான்கில் ஒன்று. பிள்ளைக்கு அது இரண்டு புரொப்பெல்லர் வைத்த அழகான பிளேன். பெரியம்மாவுக்கு அப்படியில்லை. அதனால் வயதானவர்களைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள், வந்தபிறகு "நான் வெளியில இருக்கிறன் மனே" என்றால் வற்புறுத்தாதீர்கள், விளக்கமும் கேட்காதீர்கள்.

அதேபோல, பலகையில் இருப்பதை முழுக் கதையாக எடுக்கிறதும் பிழை. எந்த நாட்டுப் படை அருங்காட்சியகமும் அந்தப் படையின் கண்ணால்தான் பேசும், குண்டு விழுந்த பக்கத்துக் கதை அங்கே வராது. அதற்காக அங்கே நிற்கிற சிப்பாயோடு வாக்குவாதப்படத் தேவையில்லை, அவர் அதை எழுதினவரும் இல்லை. மற்றப் பாதியைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது என்றால் வீட்டில் இருக்கிறவர்கள்தான். நானாக இருந்தால் திரும்பி வருகிற ரயிலில், மின்னேரியாவெல்லாம் தாண்டுகிற நேரத்தில், ஆறுதலாகப் பேசுவேன்.

இன்னொன்று, "விமானச் சரித்திரம் எல்லாம் கொழும்பு ஆட்களுடையது, நமக்கென்ன" என்கிற நினைப்பு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரிட்டிஷ் ஹரிக்கேன்கள் எழும்பிய இடங்களில் ஒன்று இதே ரத்மலானை. முன்னெச்சரிக்கை கிடைக்காமல், தலைக்கு மேலே எதிரி வந்தபிறகுதான் அவை அவசரம் அவசரமாக ஏறின. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9, திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. கொடுமை என்னவென்றால் அன்று அதன் மேல்தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் சீனன்குடாவில் நின்றன. 307 பேர் அந்தக் கப்பலோடு போனார்கள். இன்றைக்கும் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கு, நம்ம மீன்பிடிக்காரருக்கு அந்த இடம் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு ரத்மலானை ஓடுபாதையைப் பார்த்தால் அந்த வெறும் தாரும் பார்க்க வேண்டிய பொருளாகிவிடும்.

படம் எடுக்கிறவர்களுக்கு: ஹாங்கர் (விமானக் கொட்டகை) வாசலுக்கு எதிரே நின்று உள்ளேயிருந்து வெளியே பார்த்து எடுத்தால் விமானம் கறுத்துப்போய் நிழல் மட்டும்தான் விழும், வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். காட்சிக்கு வைத்ததைத் தவிர மற்றப் பக்கம், ஓடுபாதையில் நிற்கிற வேலை செய்யும் விமானங்கள், காவலரண், இவற்றுக்கு கேமராவைத் திருப்பும் முன் கேளுங்கள். வெளியில் நிற்கிற பெரிய விமானங்களைக் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு வெயில் ஏறினதும் உள்ளே போங்கள், மாற்றிச் செய்தால் பின்னேரம் பிள்ளைக்குத் தலையிடி. அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம், உடைந்த சிங்களமே போதும். "இது எத்தனை மணித்தியாலம் பறந்தது, கடைசியாக எப்போது இறக்கினார்கள்" என்று கேட்டுப் பாருங்கள், எஞ்சினில் கை வைத்துப் பழகின ஆளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு அவர் லேசில் உங்களை விடமாட்டார்.